இருபத்தெட்டுத் தொட்டிகளும் ஒரு புகாரும்

என் செடிகளைப் பற்றி நகர மன்றத்துக்குப் புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் நானே தீர்ப்பு எழுதி, தண்டனையும் கொடுத்து முடித்திருந்தேன். என் புத்தி அப்படி. கோபம் வந்துவிட்டால் விசாரணை எல்லாம் பிறகுதான்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் ஈசூனில், ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கின் நான்காவது மாடியில். தாழ்வாரத்தின் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு எங்களுடையது. தாழ்வாரம் தெற்குப் பார்த்தது. வீடு வாங்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. மின்தூக்கி எத்தனை தூரம், கடைகள் எத்தனை தூரம் என்றுதான் பார்த்தோம். தொட்டி வைத்த பிறகுதான் திசை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூரில் பருவமே கிடையாது, வருஷம் முழுக்க ஒரே புழுக்கம் என்பார்கள். செடி வைக்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சித்திரை வந்தால் வெயில் புளோக்கின் பின்பக்கம், சமையலறைப் பக்கம் போய்விடும். தாழ்வாரத்தில் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. வெண்டைக்காய்க்கு வெளிச்சத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. புரட்டாசி பாதியில் ஒரு நாள் காலை, தடுப்புச் சுவரைத் தாண்டி ஒரு விரல் அளவுக்கு வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும். தீபாவளிக்குள் அது தொட்டிகளின் மேல் ஏறிவிடும். மார்கழியில் மழைக்கு நடுவே எங்கள் வாசற்கதவு வரை வரும். பங்குனியோடு கணக்கு முடிந்தது. அந்த ஆறு மாதம்தான் என் பருவம். அதற்காக மீதி ஆறு மாதமும் நான் திட்டம் போடுவேன்.

திட்டம் என்றால் சும்மா இல்லை. நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் தாழ்வாரத்தைப் படமாக வரைவேன். கதவு, ஜன்னல், மின்மானிப் பெட்டி, வெயில் முதலில் விழும் மூலை, கடைசியில் விழும் மூலை. முதல் மூலையில் பாகல், ஏனென்றால் அது ஏற வேண்டும், நேரம் எடுக்கும். நடுவில் வெண்டையும் கத்திரியும். நிழல் மிச்சமிருக்கும் இடத்தில் பசலையும் மணத்தக்காளியும். ஆடியிலேயே பழைய மண்ணைச் செய்தித்தாளில் கொட்டிக் காயவைத்து, கடலைப் புண்ணாக்கும் முட்டை ஓட்டுப் பொடியும் கலந்து மறுபடி நிரப்புவேன். தொட்டிகள் இருபத்தெட்டு. தொட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி, ஈரச்சந்தையில் மீன் வரும் வெள்ளைப் பெட்டிகள்தான்.

நடுவது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு. மைனா வந்து நாற்றைக் கொத்தும். அதற்குப் பழைய ஜன்னல் வலைத்திரைகளை வெட்டிக் கூடு மாதிரி தைத்து வைத்திருந்தேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும். கொசு அதிகாரிகள் வருவார்கள் என்று அடித்தட்டுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல் காலையும் மாலையும் துடைப்பேன். அக்கம்பக்கத்தார் வந்து மிளகாய் பறிப்பார்கள். பறித்துவிட்டு, "உங்க மிளகாய் நல்ல காரம் லா" என்று பாராட்டிவிட்டும் போவார்கள். அதற்கு மருந்து இல்லை.

நான் முப்பது வருஷம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். அழுக்காக வரும், வெளுப்பாகப் போகும், மறுநாள் மறுபடி அழுக்காக வரும். இது நான் உண்டாக்கியது என்று காட்ட ஒரு பொருள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவை ஒரு கத்திரிக்காய் காய்த்தபோது அதை நறுக்க மனம் வராமல் இரண்டு நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். பிள்ளைகள் கல்யாணமாகி அவரவர் வீட்டுக்குப் போயாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறக்க வைக்க இரண்டு ஆள் வேண்டும். ஆக, எனக்கு என்று இருந்தது அந்தத் தாழ்வாரம்தான். முந்தின பருவத்தில் மழை எல்லாவற்றையும் அழுக வைத்துவிட்டது. அதனால் இந்தத் தடவை பொங்கலுக்குச் சந்தையிலிருந்து ஒரு காய்கூட வாங்குவதில்லை, எல்லாம் என் தொட்டியிலிருந்துதான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

வெயில் ஒரு முழம் உள்ளே வந்திருந்த வாரம் நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தது.

தாழ்வாரத்தில் ஏறக்குறைய நாலடி வழி விட வேண்டும், ஆபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேறத் தடை இருக்கக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. கூடவே இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் என் பாகல் கொடி, ஒன்றில் வெண்டைப் பெட்டிகளின் வரிசை. இரண்டு நாள் கழித்து ஒரு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுச் சீனர், ரொம்பத் தன்மையானவர். செடிகளைப் பார்த்து, தன் அம்மாவும் பாகல் வளர்க்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். அதை நாங்கள் சொல்வதில்லை என்றார். விதியைக் குறை சொல்ல முடியாது, அளந்து பார்த்தபோது இரண்டடிதான் இருந்தது. எனக்கு விதிமேல் கோபம் இல்லை. அந்த வரிசை மூன்று வருஷமாக அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒரு ஆள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்திருக்கிறது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசி வீட்டுக்காரி.

அவள் தமிழ்நாட்டிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தவள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கணினி வேலை. கைக்குழந்தை ஒன்று. எங்கே போவதானாலும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போன வருஷம் ஒரு தடவை, "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க, பாப்பாவைக் கொசு கடிக்குது. இந்தத் தட்டுல எல்லாம் தண்ணி நிக்குதா?" என்று கேட்டாள். நான் தப்பாக நினைக்கவில்லை என்று சொன்னேன். தப்பாகத்தான் நினைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரிலிருந்து வந்தவர்கள் என்றால், நாம் கட்டி வைத்ததில் வந்து உட்கார்ந்துகொண்டு நமக்கே சட்டம் சொல்வார்கள் என்று ஒரு எண்ணம். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் அதிகம்.

"அவதான், வேற யாரு? நம்ம புளோக்குல இத்தனை வருஷமா ஒருத்தர் வாயத் திறந்திருப்பாங்களா?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"ம்" என்றார்.

"மூஞ்சியைப் பாத்தா எவ்ளோ அடக்கம்! மிளகா வேணுமா கறிவேப்பிலை வேணுமான்னு நான்தான் பைத்தியக்காரி மாதிரி குடுத்துக்கிட்டிருந்தேன்."

"விடு லா" என்றார்.

எட்டுத் தொட்டி சுவரோரமாக வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். மற்ற இருபதையும் அப்புறப்படுத்தினோம். பாகல் அப்போதுதான் கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தது. அதன் சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினேன். புளோக்குக்குக் கீழே குடியிருப்பாளர்களின் தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே சிலதை வாங்கிக்கொண்டார்கள். அது பெரிய மரத்தடி, வெண்டை அங்கே ஒரு வாரம் தாங்கவில்லை. பூ விட்டிருந்த செடிகளைக் குப்பைக் கூடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பெட்டிகளைத் தூக்கியது எல்லாம் வீட்டுக்காரர்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கினார். எனக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைத்து அன்று சாயங்காலம் அவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன்.

பிறகு தீபாவளி வந்தது. எங்கள் தாழ்வாரத்தில் ஆறு வீடு. தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டு போகும். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு என்று பார்ப்பதில்லை. அந்த வருஷம் நான்காவது வீட்டோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி வீட்டுக்குப் போகவில்லை. அரை மணி நேரத்தில் அவளே வந்தாள், புதுச் சேலையோடு, கையில் எவர்சில்வர் தட்டு. அதிரசம், முறுக்கு, ஏதோ ஒரு பால் இனிப்பு. "ஹேப்பி தீபாவளி ஆன்ட்டி" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். நான் அந்தத் தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, பளபளவென்று வெறும் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சுண்டிப்போயிற்று. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். எனக்கு அன்று முழுவதும் ஒரே திருப்தி. வீட்டுக்காரர் உள்ளே சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை, மார்கழி முழுக்க அப்படியே போயிற்று. அவள் வந்தால் நான் கதவைச் சாத்துவேன். மின்தூக்கியில் சேர்ந்து நிற்க நேர்ந்தால் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். குழந்தையிடம் அப்படி இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்காரரும் நானும் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். கரும்பு, மஞ்சள் கொத்து, மாவிலை எல்லாம் சாலையோரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். தேக்கா சந்தையில் கத்திரிக்காய் வாங்கினேன், அவரை வாங்கினேன், பூசணி வாங்கினேன். எல்லாம் வாங்கினேன். வாங்க வாங்க வயிற்றெரிச்சல். அந்த வருஷம் காசு கொடுத்து வாங்க மாட்டேன் என்று சபதம் போட்ட காய்கள் அவை. அவள் மட்டும் இல்லையென்றால் இதில் பாதி என் தாழ்வாரத்திலிருந்து வந்திருக்கும் என்று வழி நெடுக அவரிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சாப்பிட்டோம். அவர் கை கழுவப் போனார். அவருடைய கைப்பேசி மேசைமேல் இருந்தது. டிங் என்று ஒரு சத்தம். மகள் ஏதாவது அனுப்பியிருப்பாள் என்று எடுத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் கைப்பேசியும் பூட்டில்லாமல்தான் இருக்கும். அப்படி ஒரு குடும்பம் என்று எனக்குப் பெருமை வேறு.

செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் புகாரின் பேரில் மறுபடியும் வந்து பார்த்தோம், நான்காவது மாடித் தாழ்வாரம் தடையில்லாமல் இருக்கிறது, தகவல் கொடுத்ததற்கு நன்றி என்று. கீழே விரலை வைத்தேன். மொத்தமும் திறந்துகொண்டது. அக்டோபரில் அனுப்பிய புகார். அதே இரண்டு படங்கள், இப்போது வண்ணத்தில். என் பாகல் கொடி பச்சைப்பசேலென்று. கறுப்பு வெள்ளையில் தெரியாத ஒன்று வண்ணத்தில் தெரிந்தது. படத்தின் ஓரத்தில் எங்கள் வீட்டு வாசல் கிராதியின் நீலக் கம்பி. படம் எங்கள் வீட்டுக்கு உள்ளே நின்று எடுத்தது. அதற்கும் கீழே, எங்கள் சேவை எப்படி என்று கேட்டிருந்தார்கள். அவர் அப்போதே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கைப்பேசியை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. காபி வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

ரயிலில் கத்த முடியாது. நியூட்டனில் மாறி ஈசூன் வரும்வரை கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். மூன்று மாதம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் நான் அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டினேன், இவர் கேட்டுக்கொண்டு ம் போட்டார். தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு நான் கிளம்பியபோது, இரு, அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை ஊருக்கு முன்னால் கேவலமானவளாக ஆகவிட்டு, சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். நான் வைத்த மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன்.

"ஏன்?" என்றேன்.

"வழி மறிச்சிருந்துச்சு லா. தரை எந்நேரமும் ஈரம். ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தா திரும்ப முடியாது."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கேப்பியா?"

"சொன்னாத்தானே கேக்குறேனா இல்லையான்னு தெரியும்! இருவது அடி தள்ளி இருக்கேனா? ஒரே வீட்டுல இருக்கேன். என்கிட்ட சொல்ல வாயில்ல, கவர்மென்ட்டுக்கு போட்டோ எடுத்து அனுப்ப மட்டும் கை வந்துச்சா?"

அவர் கரும்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்தது, மறுபடி சாய்த்து வைத்தார்.

"யார்டுல அப்படித்தான் செய்வோம்" என்றார். "ஆளைச் சொன்னா சண்டை வரும். பேர் போடாம ரிப்போர்ட் போட்டா வேலை நடக்கும்."

கப்பல் பட்டறையில் அவர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். எண்ணெய் சிந்தியிருந்தால், கம்பி தொங்கினால், படம் பிடித்து எழுதிப் போடுவதுதான் வேலை. யார் செய்தது என்று எழுத மாட்டார்கள், ஆபத்து என்ன என்று மட்டும் எழுதுவார்கள். யாரையும் நேரில் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் வேலையை முடித்தேன் என்று ஓய்வு பெற்ற அன்று பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன்.

"நான் என்ன உங்க யார்டா?" என்று கேட்டேன். அன்று சமையலறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

பொங்கலன்று காலை பானை பொங்கியதும் முதல் வேலையாக ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு கரும்புத் துண்டும் வாழைப்பழமும் வைத்து எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். பத்தடி தூரத்துக்குள் இரண்டு தடவை நின்றேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஆன்ட்டி! வாங்க, உள்ள வாங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா. கம்ப்ளெய்ன்ட் போட்டது நீன்னு நினைச்சுத்தான் தீபாவளிக்கு அப்படிச் செஞ்சேன். அது நீ இல்ல. உங்க அங்கிள்தான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சுடு."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அங்கிளுக்கு அந்த ஆப்ல போட்டோ அட்டாச் பண்ணத் தெரியல. நான்தான் பண்ணிக் குடுத்தேன்."

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நான் சந்தேகப்பட்டது பாதி சரிதான். ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சீங்களா?" என்றேன்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். ஆன்ட்டிகிட்ட பேசுங்க அங்கிள்னு எத்தனையோ தடவை சொன்னேன். அவர் கேக்கல. அவர் விழுந்து கிடந்ததை நேர்ல பாத்ததால எனக்கும் மாட்டேன்னு சொல்ல முடியல."

"யாரு விழுந்தது?"

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். "அங்கிள் உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை. நான் விதை வாங்கத் தேக்காவுக்குப் போயிருந்தேன். போகும்போது, மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள், வெண்டைக்கு வேரில் ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் வாளியோடு வந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஈரத்தில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். நான் செடி அடுக்கி வைத்திருந்த இரும்பு அடுக்கின் முனை முதுகில் ஏறிவிட்டது. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள்.

"எந்திரிக்க முடியாம கிடந்தார் ஆன்ட்டி. தூக்கப் போனா, மொதல்ல செடி ஏதாவது ஒடஞ்சிருக்கான்னு பாரும்மான்னார். ஒரு கத்திரிக் கிளை மட்டும் முறிஞ்சிருந்துச்சு. அதை நூல் போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினேன். கிளினிக் போலாம்னேன், வேணாம்னுட்டார். சட்டையெல்லாம் ரத்தம். அதைக்கூட நான்தான் ஊற வச்சுத் துவைச்சுக் குடுத்தேன், நீங்க பாத்துடக் கூடாதுன்னு."

"ஏன் நான் பாக்கக் கூடாது?"

அவள் தயங்கினாள். "அவ வந்தா மொதல்ல செடியத்தான் பாப்பா, அப்புறம்தான் என்னைன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார் ஆன்ட்டி."

தட்டை அவள் கையில் கொடுத்தேன். ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்று விதைப் பையோடு திரும்பி வந்ததும் நான் எதை முதலில் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டதும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேனா என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருக்கும்போது அவர் மேலுக்கு எதுவும் போடுகிறவர் இல்லை, இந்தப் புழுக்கத்தில் யார் போடுவார்கள். சில மாதமாகப் பனியன் போட்டுக்கொண்டே இருந்தார், தூங்கும்போதுகூட. வயசாகிவிட்டது, குளிர்கிறது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

பின்னால் போய் நின்று பனியனைத் தூக்கினேன். அவர் தடுக்கவில்லை. இடது தோளுக்குக் கீழே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. சுற்றிலும் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. தையல் போட்டிருக்க வேண்டிய காயம், தானாகவே கோணலாக ஆறியிருந்தது. அதன் மேல் கையை வைத்தேன்.

"யார் சொன்னா?" என்று திரும்பாமலே கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பாவமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகம். முப்பத்தைந்து வருஷம் ஒன்றாக இருந்த மனிதர், செடி இடைஞ்சல் என்பதை அரசாங்கத்திடம் சொன்னார், மனசில் இருந்ததை அடுத்த வீட்டில் சொன்னார், ரத்தச் சட்டையைக்கூட அங்கேயே கொடுத்தார். என்னிடம் சொல்ல ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.